களவு போன விவரமும் கடைக்காரர் கடமையும்

கடைக்குச் சென்று வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டு, பணம் செலுத்தும் இடத்தை அடைகிறோம். அங்கே அமர்ந்திருப்பவர் தலை நிமிராமலேயே, "மொபைல் நம்பர்?" என்று கேட்கிறார். டில்லியாயினும் மும்பையாயினும், கொல்கத்தாவாயினும் ஹைதராபாத்தாயினும், இது இன்று மாறாத வழக்கமாகிவிட்டது. எதற்காகக் கேட்கிறார் என்று வினவ நமக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும், அவ்வூர் மொழியில் கேட்டு விடை பெறும் அளவுக்கு நம்மில் பலருக்கு நாவில் சரளம் இருப்பதில்லை. பின்னால் வரிசையும் நீண்டுகொண்டிருக்கிறது. பத்து இலக்கங்களையும் ஒப்பித்துவிட்டு, ரசீதைப் பெற்றுக்கொண்டு வெளியேறுகிறோம்.

வாங்கிய பொருளை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். கொடுத்த விவரத்தையோ கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். நம் பெயர், கைப்பேசி எண், வீட்டு முகவரி, பிறந்த நாள், எந்தப் பொருளை என்று என்ன விலைக்கு வாங்கினோம் என்னும் கணக்கு ஆகிய அனைத்தும் அக்கடையின் கணிப்பொறியில் தங்கிவிடுகின்றன. அவை எத்தனை ஆண்டுகள் அங்கே இருக்கும், யார் யார் கண்ணில் படும் என்பதை நாம் அறியோம்.

ஒரு நாள் அவை களவு போகுமாயின் அதற்குப் பொறுப்பு யாருடையது? திருடியவனுடையதா? காவலின்றி வைத்திருந்த கடைக்காரருடையதா? கடையின் கணிப்பொறிகளைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரருடையதா? பணத்தை விடுவித்த வங்கியினுடையதா? அல்லது கேட்டவுடன் எண்ணைச் சொல்லிவிட்ட நம்முடையதா? இவ்வினாவைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

தமிழில் வந்த அழைப்பு

நம் நண்பர் ஒருவர் இருபது ஆண்டுகளாக டில்லியில் அரசாங்க அலுவலில் இருப்பவர். சிக்கனமானவர்; எதனையும் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்துச் செய்பவர். அவர் ஒரு பெரிய கடையில் குளிர்பதனப் பெட்டி ஒன்று வாங்கினார். இரண்டு மாதங்கள் சென்றன. ஒரு நாள் பிற்பகலில் அவருடைய கைப்பேசி ஒலித்தது.

"வணக்கம் சார், நீங்கள் பெட்டி வாங்கிய கடையிலிருந்து பேசுகிறேன்" என்றது நல்ல தமிழ்க் குரல். நண்பருக்கு வியப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே தோன்றின. "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். "திருநெல்வேலிப் பக்கம் சார்" என்று விடை வந்தது. பெட்டி வாங்கிய தேதி, அதன் விலை, நிறம், ரசீது எண் ஆகிய எல்லாவற்றையும் அக்குரல் பிழையின்றிச் சொல்லிற்று. பண்டிகைக் காலச் சலுகையில் அவருக்குச் சேரவேண்டிய 2,000 ரூபாய் நின்றுபோயிருப்பதாகவும், அதனைத் திருப்பி அனுப்ப வங்கி அட்டையின் எண்ணும், கைப்பேசிக்கு வரும் ஆறிலக்க எண்ணும் வேண்டும் என்றும் கூறிற்று. நண்பர் இரண்டையும் சொன்னார். அடுத்த நிமிடத்தில் அவர் கணக்கிலிருந்து 38,000 ரூபாய் மறைந்தது.

கடைக்கு ஓடினார். "எங்களிடமிருந்து எதுவும் வெளியே போகவில்லை" என்றனர். வங்கிக்குச் சென்றார். "எண்ணைச் சொன்னவர் நீங்கள்தானே?" என்றனர். காவல் நிலையத்தில் புகாரைப் பதிவு செய்துகொண்டு, செய்தி வந்தால் தெரிவிப்பதாகச் சொல்லி அனுப்பினர். மூன்று வாயில்களிலும் அவருக்குக் கிடைத்த விடையின் சாரம் ஒன்றே: பொறுப்பு தங்களுடையதன்று என்பதே அது.

நண்பர் ஏமாந்ததை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. முன்பின் தெரியாதவன் வெறுங்கையோடு வந்து கேட்டிருந்தால் அவர் கதவைச் சாத்தியிருப்பார். வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை. கடைக்காரருக்கும் தமக்கும் மட்டுமே தெரிந்திருக்கவேண்டிய விவரத்தை அடையாளச் சீட்டாக ஏந்தி வந்தான். அதற்கு மேல், அயல்மொழி சூழ வாழ்பவர் செவிக்கு இனிய தாய்மொழியில் பேசினான். பெயரையும் முகவரியையும் பார்த்தே வீட்டார் தமிழர் என அறிந்து, அதற்கேற்ற ஆளைப் பேசவைப்பது கடினமன்று. களவு போன விவரம் இவ்வாறுதான் பணமாக மாற்றப்படுகிறது. கடையில் நிகழ்வது முதல் திருட்டு. நம் வீட்டில் நிகழ்வது இரண்டாம் திருட்டு. முதல் திருட்டின்றி இரண்டாவது இல்லை. ஆயினும் கேள்வி கேட்போர் அனைவரும் இரண்டாம் திருட்டை மட்டுமே பார்க்கின்றனர்.

அமெரிக்கக் கடை ஒன்றில் நிகழ்ந்தது

முதல் திருட்டு எவ்வாறு நிகழ்கிறது, அதற்குப் பொறுப்பாளி யார் என்பதை உலகம் விரிவாக ஆராய வாய்ப்பளித்த நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. டார்கெட் என்பது அந்நாடெங்கும் கிளைகள் கொண்ட பெரிய அங்காடி நிறுவனம். 2013 நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை, அதாவது அந்நாட்டவர் பண்டிகைக்காகப் பொருள் வாங்கிக் குவிக்கும் நாட்களில், அதன் கடைகளில் பயன்படுத்தப்பட்ட ஏறத்தாழ 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் களவு போயிற்று. பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்ற விவரங்கள் 7 கோடி வாடிக்கையாளர் வரையில் களவு போயின என்பது 2014 ஜனவரியில் தெரியவந்தது.

திருடர்கள் கடையின் முன்வாயில் வழியாக வரவில்லை. அக்கடைகளுக்குக் குளிர்பதன வேலை செய்துவந்த சிறிய ஒப்பந்த நிறுவனம் ஒன்று இருந்தது. கணக்கு வழக்குகளை அனுப்புவதற்காக அதற்கு டார்கெட்டின் கணிப்பொறி வலையமைப்பில் நுழையும் அனுமதி தரப்பட்டிருந்தது. திருடர்கள் வஞ்சக மின்னஞ்சல் ஒன்றை அனுப்பி, முதலில் அவ்வொப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கவர்ந்தனர்; அதனைக் கொண்டு உள்ளே புகுந்தனர்; அங்கிருந்து படிப்படியாக நகர்ந்து, பணம் வாங்கும் கருவிகளை அடைந்தனர். வாடிக்கையாளர் அட்டையைத் தேய்க்கும் அந்த நொடியில், விவரம் மறைகுறியாக மாற்றப்படுவதற்கு முன், கருவியின் நினைவகத்திலிருந்தே அதனைப் படியெடுக்கும் நிரலை அங்கே நிறுவினர்.

கடையில் காவல் இல்லாமலில்லை. ஊடுருவலைக் கண்டறியும் நவீனச் சாதனம் சில மாதங்களுக்கு முன்பே நிறுவப்பட்டிருந்தது. அது எச்சரிக்கை மணியும் அடித்தது. பெங்களூரில் இருந்த அந்நிறுவனத்தின் கண்காணிப்புக் குழு அதைக் கண்டு தலைமையகத்துக்குத் தெரிவித்தது என்றும், அங்கே உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்றும் பத்திரிகைகள் எழுதின. அட்டை வணிகத்துக்கான பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்றுகிறது என்ற சான்றிதழும் 2013 செப்டம்பரிலேயே அந்நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. சுவரில் சான்றிதழ் தொங்கிற்று. கொல்லைக் கதவோ திறந்து கிடந்தது. டிசம்பர் 12ஆம் நாள் அமெரிக்க நீதித்துறை அழைத்துச் சொன்ன பிறகே நிறுவனம் விழித்துக்கொண்டது. டிசம்பர் 19ஆம் நாள்தான் பொதுமக்களுக்கு அறிவித்தது.

பொறுப்பு யாருடையது என்னும் வினா அங்கே எவ்வாறு தீர்ந்தது என்பதே நாம் கவனிக்கவேண்டியது. கதவின் திறவுகோலைப் பறிகொடுத்தது ஒப்பந்தக்காரர்தான். ஆயினும் 2014 மார்ச்சில் அமெரிக்க செனட் சபையின் வணிகக் குழு அலுவலர்கள் தயாரித்த அறிக்கை, முதன்மையான தவறுகளை டார்கெட்டின் மீதே வைத்தது. பாதுகாப்பில் தேர்ச்சியற்ற வெளியாருக்கு உள்ளே நுழைய அனுமதி தந்தது, எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாதது, குளிர்பதன வேலைக்காரர் நுழையும் பகுதிக்கும் பணப்பெட்டி இருக்கும் பகுதிக்கும் இடையே உறுதியான சுவர் எழுப்பாதது ஆகியவை அத்தவறுகள். தலைமை நிர்வாகி கிரெக் ஸ்டெயின்ஹாஃபெல் 2014 மே மாதத்தில் பதவி விலகினார். வாடிக்கையாளர் தொடுத்த வழக்கில் 1 கோடி டாலர் தர 2015இல் நிறுவனம் இசைந்தது. 2017 மே மாதத்தில் 47 மாநிலங்களுக்கும் தலைநகர் மாவட்டத்துக்கும் 1 கோடியே 85 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

தொகைகள் பெரியவையாகத் தோன்றலாம். 1 கோடி டாலரை 4 கோடி அட்டைகளுக்குப் பங்கிட்டால் அட்டை ஒன்றுக்குக் கால் டாலர்தான் வரும். கடைக்காரரே பொறுப்பாளி என்று தீர்மானிப்பது வேறு. இழந்தவர் கையில் இழந்தது வந்து சேர்வது வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

அடைக்கலப் பொருளும் அதன் அறமும்

பிறர் பொருளைத் தம் பொருள்போலப் பேணி வணிகம் செய்வதே வணிகருக்கு அழகு என்பது வள்ளுவர் வகுத்த நெறி. நம் நாட்டில் 1872இல் இயற்றப்பட்ட ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவும் ஏறத்தாழ இதனையே கூறுகிறது. தையற்காரரிடம் துணியையும், சலவைக்காரரிடம் புடவையையும், பொற்கொல்லரிடம் நகையையும் ஒப்படைத்தால், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தமக்குச் சொந்தமான பொருளை எவ்வளவு கவனத்தோடு காப்பாரோ அவ்வளவு கவனத்தோடு அவர் அதனைக் காக்கவேண்டும். பொருள் களவு போனால், "திருடியவன் வேறொருவன்" என்று மட்டும் சொல்லி அவர் தப்ப இயலாது. தாம் உரிய கவனத்தோடு காத்தாரா என்பதற்கு விடை சொல்லியாகவேண்டும்.

கடையில் நாம் கொடுக்கும் விவரமும் ஒருவகை அடைக்கலமே. எனினும் அச்சட்டம் கூறும் சரக்கு அன்று அது. ஆதலால் அச்சட்டம் இதற்கு நேரே பொருந்தாது. விவரத்துக்கும் புடவைக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டு. புடவை களவு போனால் அது இருந்த இடம் வெறுமையாகிவிடும், உடையவர் அறிந்துகொள்வார். விவரமோ களவு போன பின்னும் இருந்த இடத்திலேயே இருக்கும். திருடன் கொண்டு செல்வது படியைத்தான். ஆகவே மாதக்கணக்கில் எவரும் அறியாமலே இருத்தல் கூடும். மற்றொன்று, புடவையை மீட்டுத் தரலாம். விவரத்தை மீட்க இயலாது. வங்கி அட்டையை மாற்றிக்கொள்ளலாம். கைப்பேசி எண்ணையும் சிரமத்தோடு மாற்றலாம். பிறந்த நாளை எவ்வாறு மாற்றுவது?

இத்தகைய நிகழ்ச்சிகள் நம் நாட்டுக்கும் புதியவையல்ல. இணையவழியே மளிகைப் பொருள் விற்கும் பெங்களூர் நிறுவனமாகிய பிக்பாஸ்கெட்டின் வாடிக்கையாளர் ஏறத்தாழ 2 கோடிப் பேருடைய விவரங்கள் கள்ளச் சந்தையில் விலை கூறப்பட்ட செய்தி 2020 நவம்பரில் வெளியாயிற்று. நிறுவனம் காவல்துறையிடம் புகார் செய்தது. வங்கி அட்டை எண்களைத் தான் சேமித்து வைப்பதில்லை என்றும் தெரிவித்தது. பெரிதும் ஆறுதல் தரும் செய்திதான் அது. ஆனால் முகவரியும் தொலைபேசி எண்ணும் வாங்கிய பொருளின் பட்டியலும் மட்டுமே கொண்டு என்ன செய்யலாம் என்பதை நம் நண்பரின் அனுபவம் காட்டுகிறது.

சட்டம் கூறுவது என்ன?

திருடியவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, அத்தகையோருக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆனால் திருடன் பெரும்பாலும் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருப்பான். அவனைப் பிடித்து நம் இழப்பை ஈடுசெய்யலாம் என்று காத்திருப்பது நடவாத செயல்.

கடைக்காரரைப் பற்றி அதே சட்டத்தில் 43ஏ என்னும் பிரிவு 2009 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. நுண்ணிய தனிவிவரங்களை வைத்திருக்கும் நிறுவனம், தக்க பாதுகாப்பு முறைகளைக் கையாள்வதில் அசட்டையாக இருந்து, அதனால் ஒருவருக்கு நட்டம் நேர்ந்தால், அவருக்கு இழப்பீடு தரவேண்டும் என்பது அதன் கருத்து. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளைத் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் கொண்டுசெல்லலாம். அந்தந்த மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே அவ்வதிகாரி. இதில் ஒரு குறை உண்டு. நுண்ணிய விவரங்கள் எவை என்பதை 2011இல் வகுத்த விதிகள் கடவுச்சொல், வங்கிக் கணக்கு மற்றும் அட்டை விவரம், உடல்நலக் குறிப்பு போன்றவற்றோடு நிறுத்திக்கொண்டன. பெயரும் முகவரியும் கைப்பேசி எண்ணும் அப்பட்டியலில் இல்லை.

2017 ஆகஸ்டு 24ஆம் நாள், புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் வழியில் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டதே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டங்களை மொழிபெயர்ப்போர் சில சொற்களின் முன் நெடுநேரம் தயங்கி நிற்பது உண்டு. விவரத்தைத் திரட்டும் கடைக்காரருக்கு இச்சட்டம் இட்டிருக்கும் பெயர் அத்தகையது. 'டேட்டா ஃபிடூஷியரி' என்பது அது. நம்பிக்கை என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அதைத் தமிழில் நம்பகப் பொறுப்பாளர் எனலாம். கடைக்காரர் விவரத்தின் உரிமையாளர் அல்லர். நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் காப்பவர் மட்டுமே என்பது அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

இச்சட்டத்தின் 8ஆம் பிரிவு நம் வினாவுக்கு நேரடியாக விடை தருகிறது. தம் சார்பில் வேறொருவர் விவரத்தைக் கையாண்டாலும் பொறுப்பு நம்பகப் பொறுப்பாளருடையதே. இதற்கு மாறாக எந்த ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தாலும் அது செல்லாது. "அது ஒப்பந்தக்காரர் செய்த பிழை" என்று கடைக்காரர் கைகழுவ இதில் வழியில்லை. தக்க பாதுகாப்புச் செய்யாதவருக்கு 250 கோடி ரூபாய் வரையிலும், களவு போனதை வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டோருக்கும் அறிவிக்காதவருக்கு 200 கோடி ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கலாம். வேலை முடிந்த பின் விவரத்தை அழித்துவிடவேண்டும் என்பதும் அதே பிரிவின் கட்டளை. வைத்திராத பொருளை எவரும் திருட இயலாது அன்றோ!

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இச்சட்டத்தில் தனிச் சிறப்புள்ள பகுதி ஒன்று உண்டு. நம் இசைவைக் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் நாம் விரும்பும் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை நமக்குத் தரவேண்டும். குவாஹாத்தியில் வாழும் தமிழ் மூதாட்டியும் அதனைத் தமிழில் கேட்கலாம்.

இவற்றுக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தரவுப் பாதுகாப்பு வாரியத்தைப் பற்றிய பிரிவுகள் உடனே உயிர்பெற்றன. கடைக்காரர் கடமைகளைக் கூறும் பிரிவுகள் பதினெட்டு மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. அப்போது 43ஏ பிரிவு நீங்கிவிடும். புதிய சட்டத்தின்கீழ் விதிக்கப்படும் தண்டத் தொகை அரசாங்கத்தின் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருமாறு கூறும் பிரிவு அதில் இல்லை. முன்னைய சட்டத்தில் விவரங்களின் பட்டியல் குறுகியது, ஆனால் இழப்பீடு உண்டு. பின்னையதில் பட்டியல் விரிந்தது, ஆனால் இழப்பீடு இல்லை. கடையின் அசட்டையால் 38,000 ரூபாயை இழந்தவருக்கு, அக்கடை கோடிக்கணக்கில் தண்டம் கட்டிற்று என்ற செய்தி மட்டும் எவ்வளவு ஆறுதல் தரும்? இக்குறையை நாட்டின் சட்டம் செய்வோர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பழி இடம் மாறும் விதம்

வங்கியின் பொறுப்பு என்ன? இதைக் குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் நெறிகளை வகுத்தது. தவறு வங்கியிடமும் இன்றி, வாடிக்கையாளரிடமும் இன்றி, இடையே வேறெங்கோ நிகழ்ந்து, கணக்கிலிருந்து பணம் போனால், வங்கியின் செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் அறிவிக்கும் வாடிக்கையாளர் ஒரு காசும் இழக்கவேண்டியதில்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் அறிவித்தால் இழப்பு ஒரு வரம்புக்கு உட்பட்டது. வாடிக்கையாளர் தவறு செய்தார் என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியினுடையதே. கடையிலிருந்து அட்டை விவரம் களவு போய், நாம் அறியாமலே பணம் எடுக்கப்பட்டால், இந்நெறி நமக்குக் கேடயமாகும்.

ஆனால் அதே நெறியில் மற்றொரு பகுதியும் உண்டு. கடவு எண்ணை வாடிக்கையாளரே பிறரிடம் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு முழுவதும் அவரையே சாரும். நம் நண்பர் வீழ்ந்த குழி இதுவே. முதல் திருட்டில் பிழை கடைக்காரருடையது. ஆறிலக்க எண்ணை நாம் வாய்திறந்து சொன்ன அந்தக் கணத்தில், காகிதத்தில் அப்பிழை கடையை விட்டு நம் தலைக்கு மாறிவிடுகிறது. திருடன் நாடுவது பணத்தை மட்டுமன்று. நம் வாயால் அவ்வெண் வரவேண்டும் என்பதையும் நாடுகிறான். அவ்வெண்ணைக் காப்பது பணத்தைக் காப்பது மட்டுமன்று; பொறுப்பு இருக்கவேண்டிய இடத்திலேயே அதனை நிற்கச் செய்வதும் ஆகும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, கொடுக்காத விவரம் களவு போகாது. கைப்பேசி எண் தராவிட்டால் ரசீது தர மறுப்பது முறையற்ற வாணிப நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் வணிகருக்கு அறிவுறுத்தியது. "நம்பர் தேனா ஜரூரி ஹை க்யா?" என்று இந்தியில் ஒரு வினா எழுப்பினாலே போதும், பெரும்பாலும் வற்புறுத்தமாட்டார்கள். வீட்டுக்குப் பொருள் அனுப்பவோ, பழுது பார்க்கவோ தேவையாயின் எண்ணைத் தரலாம். காய்கறி வாங்குவதற்குப் பிறந்த நாள் எதற்கு?

இரண்டாவது, அட்டை எண்ணைக் கடையின் இணையதளத்தில் பதிந்து வைப்பது பற்றியது. 2022 அக்டோபர் 1 முதல், கடைகள் உண்மையான அட்டை எண்ணைச் சேமிக்கலாகாது. அதற்குப் பதிலாக டோக்கன் எனப்படும் மாற்றுக் குறியீட்டையே வைக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. தாளிலோ குறிப்பேட்டிலோ நம் அட்டை எண்ணை எழுதிக்கொள்ள முயலும் கடையை நாம் தயங்காமல் மறுக்கலாம்.

மூன்றாவது, அழைப்பவர் நம்மைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பது அவர் நேர்மைக்குச் சான்றாகாது. நம் விவரம் களவு போயிருக்கிறது என்பதற்கே அது சான்றாகலாம். அவர் தமிழில் பேசுவதும் சான்றாகாது. பேச்சை அங்கேயே நிறுத்தி, ரசீதில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே பேசி உறுதிசெய்துகொள்ளவேண்டும்.

நான்காவது, பணம் போய்விட்டால் வெட்கத்தால் வாளாவிருத்தலாகாது. முதல் அழைப்பு வங்கிக்கு. இரண்டாவது அழைப்பு 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கு. திருடன் பணத்தை வேறு கணக்குகளுக்கு மாற்றுவதற்குள் அதை நிறுத்திவைக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

ஐந்தாவது, கடையையும் விட்டுவிடலாகாது. எந்த விவரம், எப்போது, எவ்வாறு வெளியே சென்றது என்று எழுத்தில் கேட்கவேண்டும். நம்பிக்கையின் பேரில் நுகர்வோர் தந்த தனிவிவரத்தைச் சட்டத்துக்கு மாறாகப் பிறருக்கு வெளியிடுவது முறையற்ற வாணிப நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஊழியர் ஒருவர் பட்டியலைப் படியெடுத்து விற்றிருந்தாலும் கடை விடை சொல்லியாகவேண்டும். அச்சட்டப்படி, நாம் வசிக்கும் ஊரிலேயே அல்லது வேலை செய்யும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கடையின் தலைமையகம் எங்கிருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசி ஆலோசனை பெறலாம்.

தொடங்கிய வினாவுக்கு வருவோம். குற்றம் திருடனுடையது. காவல் கடமை கடைக்காரருடையது. அவர் அமர்த்திய ஒப்பந்தக்காரர் தவறினாலும் அது அவருடையதே. உடனே செயற்படும் கடமை வங்கியினுடையது. விவரத்தை ஒப்படைத்த நம்மீது பழி இல்லை. விழிப்பு ஒன்றே நம் பங்கு.

நம் நண்பர் இப்போது புதிய வழக்கம் ஒன்றைக் கைக்கொண்டிருக்கிறார். தமிழில் எவரேனும் அழைத்துக் கடையின் பெயரைச் சொன்னால், "மிக்க மகிழ்ச்சி தம்பி, நானே கடைக்கு நேரில் வருகிறேன்" என்று கூறி வைத்துவிடுகிறார். கடைக்கும் அவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஆனால் இந்நாள் வரை அதற்கு விடை வரவில்லை. பணம் திரும்புமோ இல்லையோ, கேள்வியை அவர் விடுவதாக இல்லை. அவரைப்போல் ஒவ்வொருவரும் எழுத்தில் கேட்கத் தொடங்கினால், பணம் செலுத்தும் இடத்தில் அமர்ந்திருப்பவர் அந்தப் பத்து இலக்கங்களைக் கேட்கும் முன் சற்றுத் தலை நிமிர்ந்து பார்ப்பார்.